மெஷின் கிள்ளுது

நவம்பர் 3, திங்கள்

காலையில் முதல் வேலை, செருப்பில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டியது. நேற்றுக் கல்லறைத் தோட்டத்தில் யாருடைய மெழுகுவர்த்தியையோ மிதித்திருக்கிறேன். பழைய பிளேடு. முழுதாகப் போகவில்லை. வெளியே தூறல்.

மைனி கல்லறைக்கு வெள்ளையடித்து செவ்வந்தி மாலை போட்டோம். அவள் போய் இரண்டு வருஷம். இவருடைய அக்கா. அம்மா இல்லாத வீட்டில் இவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிப் படிக்க வைத்தவள். கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே இருந்துவிட்டாள். பின்வாசலில் துணி போட்டுக்கொண்டிருந்தபோது இதயம் நின்றது. இவர் கல்லறைப் பக்கம் நிற்பதே இல்லை. மாலையை வைத்ததும் கேட்டுக்குப் போய்விடுகிறார். நேற்றும் அப்படித்தான்.

சனிக்கிழமை கார் வந்தது. மின்சாரக் கார், வெள்ளை. எங்கள் வாழ்க்கையில் முதல் கார். தூத்துக்குடி துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சியில் இவருக்கு வேலை. பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. பெட்ரோல் காரென்றால் கட்டுப்படியாகாது, இதுதான் சரி என்று ஆறு மாதம் கணக்குப் போட்டு வாங்கினார். கணக்கில் வராத ஒன்று: காரோடு கொடுத்த சின்ன சார்ஜரை போர்டிகோ பிளக்கில் சொருகினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். சிவப்பு எரிகிறது. சார்ஜ் ஏறவில்லை.

ஷோரூமுக்குப் போன் போட்டேன். நாளை ஆள் வருவாராம். வாட்ஸ்அப்பில் அனுப்பியது:

– இதே சின்ன சார்ஜர், 15 ஆம்பியர் பிளக். கூடுதல் செலவில்லை. ராத்திரி முழுக்கப் போட வேண்டும்.
– சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர். பெட்டி இலவசம். ஒயர், பிரேக்கர், கூலி நம் தலையில். ஈ.பி.யில் லோடு கூட்ட வேண்டும்.
– காருக்கென்று தனி சர்வீஸ், தனி மீட்டர். அலைய ஆள் வேண்டும்.

எங்களுக்குச் சின்னதே போதும், பச்சை எரிந்தால்.

சார்ஜர் பையின் வார் பிய்ந்திருக்கிறதென்று இவர் கறுப்பு டேப் சுற்றினார். இவருக்கு எதையும் டேப் சுற்றத்தான் தெரியும். குடைக் கைப்பிடி, ரிமோட், கண்ணாடிக் காது. முடிக்கும்போது டேப்பின் நுனியை முக்கோணமாக மடித்து ஒட்டுவார், பிறகு பிரிக்க வசதியாக. ஷெரின் ஹாஸ்டலிலிருந்து போனில் கேட்டாள், "அப்பா காருக்கும் டேப் சுத்திட்டாங்களா?"

அரிசி, தேங்காய் எண்ணெய், கொசுவத்தி வாங்க வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

பள்ளி ஆபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். பதினொரு மணிக்குக் கம்பெனி ஆள். வாயில் பாக்கு. ஒரு பல்பு, இரண்டு ஒயர்; அதுதான் கருவி. பிளக்கின் ஒரு ஓட்டையில் ஒன்று, இன்னொன்றில் ஒன்று. பல்பு எரிந்தது. அப்புறம் ஓர் ஒயரை மேலே உள்ள பெரிய ஓட்டைக்கு மாற்றினார். எரியவில்லை. சமையலறை, ஹால், பின்வாசல். எங்கேயும் எரியவில்லை.

"மேடம், ஒங்க வீட்டுக்கு எர்த்தே கெடையாது."

"கட்டும்போதே போட்டாங்களே."

"போட்டிருப்பாவ. எங்கயோ அந்து கெடக்கு. அதான் சார்ஜர் செவப்பு காட்டுது. எர்த் இல்லாம அது ஏத்தாது. மனுசன விட அதுக்கு புத்தி ஜாஸ்தி."

முன்பக்கம் தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்கும். புதிதாக எர்த் போடக் குழி தோண்டப் பின்வாசல் ஒன்றுதான் இடம். தரையில் பதித்த பேவர் பிளாக் கற்களைப் பெயர்த்துப் பழைய பச்சை எர்த் ஒயரையும் தேடிப் பார்க்கலாம் என்றார். குழி, கம்பி, மருந்துப் பொடி, கசிவு வந்தால் தானே விழும் பிரேக்கர், கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்துக்குள். காரின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

போகும்போது சாதாரணமாகக் கேட்டார். "வாஷிங் மெஷின்ல ஷாக் அடிக்குமா மேடம்?"

"ஷாக்லாம் அடிக்காது. கிள்ளும்."

அவர் சிரித்தார். "கிள்ளுதத்தான் மேடம் நாங்க ஷாக்குன்னு சொல்லுதோம். எர்த் இருந்தா கரண்டு மண்ணுக்குள்ள போயிரும். இல்லன்னா தொட்டவங்க வழியாத்தான் போவும். ஈரக்கால்ல நிக்காதிய."

அவரை அனுப்பிவிட்டுக் கேட்டைச் சாத்தினேன். சாத்திய கை கேட்டிலேயே இருந்தது கொஞ்ச நேரம்.

கிள்ளுது. அது மைனி சொல். இந்த வீட்டில் எல்லோரும் அதையே சொல்லிப் பழகினோம். மெஷின் மேல் ஈரக்கையை வைத்துவிட்டு, "ஏட்டி, கிள்ளாத, சும்மா கெட" என்று அதை அதட்டுவாள். செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்கமாட்டாள். "வீட்டுக்குள்ள செருப்பா? சோத்துல கை வைக்கவே கூசும்."

சாயங்காலம் இவரிடம் குழி விஷயம் சொன்னேன்.

"பின்னாடியா? தோண்ட வேண்டாம்."

"ஏன் வேண்டாங்கிய?"

"பிளாக்கெல்லாம் பேந்துரும்."

"திரும்பப் பதிச்சிரலாமே."

"வேண்டாம்னா விடேம்ளா. நான் வெளிய சார்ஜ் போட்டுக்கிடுதேன்."

அப்புறம் துணி எடுக்கப் பின்னால் போனார். மைனி போனதிலிருந்து துவைப்பது இவர் வேலை. என்னைத் தொடவே விடமாட்டார். எதிர்வீட்டு சரோஜா அக்கா போன வாரம்கூடச் சொன்னாள்: "எங்க வீட்டு மனுசன ஒங்க அண்ணாச்சிட்ட ஒரு மாசம் டிரெய்னிங் அனுப்பட்டுமா? தின்ன தட்ட எடுக்க மாட்டேங்காரு."

இன்று எழுத நினைத்தது இது இல்லை. முடியவில்லை.

நவம்பர் 5, புதன்

கனமழை. பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆபீசுக்கு இல்லை. ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறதாம், வண்ணார்பேட்டைப் பாலத்தில் நின்று பார்க்கக் கூட்டமாம். காலி ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒருவேளை பொய்யென்று தெரியும்.

மைனி போன வருஷம் சித்திரை வெயிலில் பின்வாசலில் பேவர் பிளாக் போட்டது. நான் வேலையாட்களுக்கு டீ கொண்டுபோனேன். ஒருத்தர் மண்ணிலிருந்து ஓர் ஒயரைத் தூக்கிக் காட்டினார். "அண்ணாச்சி, இங்கன ஒரு பச்சை ஒயரு வருதே." இவர் மொபைலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "பழைய டெலிபோன் ஒயருவே. வெட்டி விட்டிரும்." வெட்டினார்கள். டீ குடித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மெஷின் கிள்ளத் தொடங்கியது. முன்பு கிள்ளியதாக நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் இல்லை.

ஐப்பசி. மழை. நான் ஆபீசிலிருந்து வந்தபோது மைனி மெஷின் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். மெஷின் பாதியில் நின்றிருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை. பவர் கட் என்றே நினைத்தேன். ஆனால் சரோஜா அக்கா வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. மறுநாள் பந்தல் லைட்டுக்காக எலக்ட்ரீசியன் பேச்சிமுத்து வந்து, "மெயின்ல பியூஸ் போயிருக்கு அண்ணாச்சி" என்று மாற்றினார். யாருக்கு அதைக் கேட்க நேரம்?

பக்கத்துத் தெரு டாக்டர், ஹார்ட் என்றார். மைனிக்குச் சுகரும் இருந்தது. யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை.

குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. வலது கை இரண்டு விரலில் வெள்ளையாக, காய்த்துப்போன மாதிரி ஒரு தழும்பு. நடுவில் கறுப்புப் புள்ளி. "தோசைக்கல்லுல சுட்டிருப்பா" என்றார்கள். நான் அதன் மேல் பவுடர் போட்டேன்.

வரிசையாக எழுதியாயிற்று. பொய்யென்று தெரியவில்லை.

நிரூபிக்க ஒன்றும் இல்லை. மண்ணுக்குள் இருக்கிறாள். ஹார்ட்டாகவே இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்தான்.

இவருக்கு மட்டும் தெரியக் கூடாது. ஓர் ஒயரை வெட்டச் சொன்ன அந்த ஒரு வாக்கியம். இன்றும் கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுத்தால் முதல் சட்டையை மைனி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போடுகிறவர். தெரிந்தால் தாங்கமாட்டார். நானே வைத்துக்கொள்வேன். எத்தனை வருஷமானாலும்.

இந்த நோட்டை வீட்டில் சேலை அடுக்குக்கு அடியில் வைக்க வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டுவிட்டு. காலை உப்புமா, இவர் பாதியை வைத்துவிட்டார்.

சாயங்காலம் இவரோடு சார்ஜ் போடப் போனேன். வண்ணார்பேட்டை தாண்டி ஓர் ஓட்டல் பின்புறம். முன்னால் ஒரு கார் நின்றது. அது முடியக் காத்திருந்து, அப்புறம் எங்கள் முறை. காருக்குள் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தோம். கண்ணாடியெல்லாம் ஆவி. வேறொரு சமயமாக இருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும்.

யூனிட் விலை வீட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். போக வர, காத்திருக்க, தினமும் இப்படி என்றால் பஸ்ஸே தேவலை. சொன்னேன்.

"காசு போனா போவுது" என்றார். கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுகிற மனிதர்.

அடுத்து நின்ற காரிலிருந்து ஒருத்தர் குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டினார். "அண்ணாச்சிக்கு எந்த ஊரு? ரெண்டு மூணு நாளா இங்கனயே பாக்கேன். வீட்ல சார்ஜர் போடலியா?"

இவர்: "வாடகை வீடு. ஓனரு விட மாட்டேங்காரு."

"அதெல்லாம் கேக்கணும் அண்ணாச்சி. பைய பேசிப் பாருங்க. ஓனரும் மனுசந்தான்."

"பேசுதேன்" என்றார் இவர்.

சொந்த வீடு. மைனியின் சேமிப்பும் போட்டுக் கட்டியது. வழியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

நவம்பர் 8, சனி

வெயில். மூன்று நாள் ஈரத்துணி காய்ந்தது.

பேச்சிமுத்து வந்தார். நான் கூப்பிடவில்லை, சரோஜா அக்கா வேலை. காரைச் சுற்றி வந்து ஒரு தட்டுத் தட்டினார்.

"எர்த் இல்லன்னா என்ன அண்ணாச்சி? குழியும் வேண்டாம், மயிரும்... மன்னிச்சிருங்கக்கா. பிளக்குக்குள்ள நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு ஒயரு எடுத்து எர்த்துல மாட்டி விட்டுருதேன். சார்ஜர் ஏமாந்துரும். பச்சை எரியும். டவுண்ல மூணு வீட்டுக்கு இப்படித்தான் குடுத்துருக்கேன். அக்கா காப்பி போடதுக்குள்ள முடிச்சிருவேன்."

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் குரல் இப்படி உயர்ந்து கேட்டதே இல்லை.

"ஏமாந்துருமா? சார்ஜர் ஏமாந்துரும். ஆளு? நியூட்ரலு அந்துட்டா காரு பூரா கரண்ட்டு நிக்கும், தெரியுமாவே ஒமக்கு? எம் பொண்ணு ஈரக்காலோட வந்து கதவத் தொறந்தா?"

"அண்ணாச்சி, அது அப்படிலாம்..."

"வெளிய போம்வே. இந்த வீட்டுல இனி ஒரு ஸ்குரு தொடப்படாது நீரு. போம்!"

பேச்சிமுத்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காப்பியை நானே குடித்தேன்.

இவர் படித்தது பி.காம். பியூஸ் போனால் டார்ச் பிடிப்பார், அவ்வளவுதான். நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? யாரிடம் கேட்டார்? எதற்காக, எப்போது?

கரண்டுக்கு இவ்வளவு பயப்படுகிறவர் குழி தோண்ட மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார்.

நாளை ஆராதனைக்கு வெள்ளைச் சேலை இஸ்திரி போட வேண்டும். இஸ்திரிப் பெட்டியைக்கூடப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

ஆபீசுக்கு லீவு. இவரிடம் சொல்லவில்லை. இவர் கார் கேட்டைத் தாண்டியதும் கம்பெனி ஆளுக்குப் போன். இரண்டு வேலையாட்களோடு வந்தார்.

மெஷினிலிருந்து ஓர் எட்டு தள்ளித் தோண்ட இடம் குறித்தார்கள். கடப்பாரையை வைத்தவர், "சார், இந்தக் கல்லு ஏற்கெனவே ஆடுதே" என்றார். மற்றக் கற்களுக்கு இடையில் சிமெண்ட் பால் இறுகிக் கிடக்க, அந்த ஒன்றைச் சுற்றி மட்டும் வெறும் மணல். கையாலேயே தூக்கினார்.

ஒரு சாண் ஆழத்தில் பச்சை ஒயர். வெட்டிய நுனி. நுனியில் கறுப்பு டேப், சுற்றுமேல் சுற்றாக. டேப்பின் முனை முக்கோணமாக மடித்து ஒட்டியிருந்தது.

"யாரோ தொறந்து பாத்துட்டு மூடிருக்காவ மேடம்" என்றார் கம்பெனி ஆள். "பாத்தவன் சேத்து விட்டிருக்கலாமே. டேப்ப சுத்தி வச்சிருக்கான், கூமுட்டை."

நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு சொம்பு முழுக்க.

அப்படியானால் தெரியும். இவருக்குத் தெரியும். மைனி போன பிறகு மெஷினை மாற்றினோமே, பழையதைக் கழற்றிக்கொண்டு போனவன் சொல்லியிருப்பானா? நான் இல்லாத ஏதோ ஒரு பகலில் தனியாகக் கல்லைப் பெயர்த்து, பார்த்து, கையிலிருந்த டேப்பைச் சுற்றி, மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார். சேர்க்க வேண்டுமென்றால் ஆளைக் கூப்பிட வேண்டும். ஆள் கேட்பான், யார் வெட்டியது என்று.

துணி.

இரண்டு வருஷமாக என்னை மெஷினைத் தொட விடாதது. போடும் முன் செருப்பு, எடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவது. கரண்ட் மிச்சம் பிடிக்கிறார் என்று ஷெரினும் நானும் சிரித்தோம். "குடுளா, நான் போடுதேன், ஒனக்கு ஆபீசுக்கு நேரமாவுது." சரோஜா அக்காவின் டிரெய்னிங் பேச்சு. நான் பெருமையாகக்கூட இருந்தேன். தினமும் காலையில் அக்கா விழுந்த இடத்தில் போய் நின்று, கிள்ளினால் தன்னைக் கிள்ளட்டும் என்று நின்றிருக்கிறார்.

அதற்குக் கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஷெரின் லீவில் வந்தால் அந்த ஹீட்டர், அந்தப் பிரிட்ஜ். எங்களையும் வைத்துத்தானே இரண்டு வருஷம் ஓட்டினார். கோபம் வருகிறது. மடித்த அந்த முக்கோணம் நினைவுக்கு வந்ததும் போய்விடுகிறது. மறுபடி வருகிறது.

மதியத்துக்குள் குழி முடிந்தது. கம்பி இறக்கி, கறுப்புப் பொடி கொட்டி, தண்ணீர் ஊற்றி, மேலே சின்ன மூடி. கோடையில் அடிக்கடி தண்ணீர் விட வேண்டுமாம். புதுப் பிரேக்கர். அதே பல்பு, அதே பெரிய ஓட்டை. எரிந்தது. சமையலறை, ஹால், பின்வாசல், எல்லா இடத்திலும் எரிந்தது. பிரேக்கரில் ஒரு பட்டனை அழுத்திக் காட்டினார், டப்பென்று விழுந்தது. "இனி கிள்ளாது மேடம்."

பழைய ஒயரை எடுத்துப்போகட்டுமா என்றார்கள். நுனியை மட்டும் வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். எதற்கென்று கேட்கவில்லை, நல்லது.

ஏழு மணிக்கு இவர் வந்தார். "இங்கயே சொருகுங்க" என்றேன். சொருகினார். பச்சை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பார் என்று நினைத்தேனா, என்ன நினைத்தேன்?

"யாரு வந்தா?"

"கம்பெனி ஆள்."

"பின்னாடி தோண்டுனாங்களா?"

"ஆமா."

"என்ன இருந்துச்சு?"

"மண்ணு."

தலையை ஆட்டினார். உள்ளே போய்க் கை கால் கழுவினார். சாப்பிடும்போது துறைமுகத்தில் கப்பல் ஒன்று உள்ளே வர முடியாமல் வெளியில் நிற்பதைப் பற்றிச் சொன்னார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். ரசத்தில் உப்பே இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் இவர் துணி போட்டார். செருப்புப் போட்டுக்கொண்டுதான். எடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். இனி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார், அல்லது கேட்கமாட்டார். கேட்காவிட்டால் இன்னும் மோசம்.

கார் முழு சார்ஜ். இன்று சீக்கிரம் கிளம்பினார். எதிர்வீட்டு சரோஜா அக்கா, "பச்சை எரிஞ்சிட்டு போல, அல்வா இல்லையா?" என்றாள். வாங்கித் தருகிறேன் என்றேன்.

நேற்று மண்ணு என்று சொன்னேனே, அதிலேயே இருந்துவிடலாம் என்று பகலெல்லாம் நினைத்தேன். அவர் எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டது. நான் அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள நினைத்தது. இரண்டும் ஒரே ஒயர். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகச் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பது. முடியாது.

பேசிச் சொல்ல எனக்கு வராது. உட்கார வைத்துச் சொன்னால் கேட்டுக்குப் போய் நின்றுகொள்வார்.

நாளை இவர் எழுமுன் துணியை நான் போடுவேன். வெறுங்காலோடு, மைனி நின்ற இடத்தில், ஈரக்கையை மெஷின் மேல் வைத்து. சத்தம் கேட்டு ஓடி வருவார். கத்துவார். கத்தட்டும். கிள்ளவில்லை என்பேன். அப்புறம் டேப் சுற்றிய அந்தத் துண்டை அவர் கையில் கொடுப்பேன்.

அழுக்குக் கூடையை இப்போதே கட்டிலருகே என் பக்கம் இழுத்து வைத்துவிட்டேன்.